கேட்டருகே குரைக்கும் நாய்க்கு யார் பாடம் எடுத்தது?

காலை ஐந்தரைக்குப் பால்காரர், ஆறு மணிக்குப் பேப்பர் போடுகிறவர், பதினொன்றுக்குக் கூரியர்காரர், சாயங்காலம் பார்சல் கொண்டுவருகிறவர். வாசலில் கட்டியிருக்கும் நாயின் கணக்கில் இவர்கள் எல்லோரும் ஒரே ரகம்: வருவார்கள், குரைத்தால் போய்விடுவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கூரியர்காரர் எப்படியும் கிளம்பத்தான் போகிறார் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. அது கண்டது இவ்வளவுதான்: ஆள் வந்தார், குரைத்தேன், காணாமல் போய்விட்டார். தினம் நான்கு வெற்றி என்றால் வருடத்துக்கு 1,460. இத்தனை முறை ஜெயித்த உத்தியை "ச்சீ, சும்மா இரு" என்ற ஒரு அதட்டலுக்காக எந்த நாயும் கைவிடாது.

பலன் தந்த செயல் நிலைக்கும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே தீனி வைத்துப் பார்த்தார். பூனை உட்கார்ந்து யோசிக்கவில்லை. பிறாண்டியது, கடித்தது, முட்டியது, தற்செயலாகக் கயிற்று வளையத்தை இழுத்தது, கதவு திறந்தது. திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் சேட்டைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கயிற்றை இழுப்பது மட்டும் மிஞ்சியது. கேட்டருகே நிற்கும் நாய்க்கும் நடந்தது இதே பாடம்தான். ஒரு வித்தியாசம், இங்கே பரிசு தீனி இல்லை. பயமுறுத்திய ஆள் விலகிப் போவதே பரிசு. பயந்த மிருகத்துக்கு அந்த நிம்மதி கோழிக்கறியை விடப் பெரியது.

எல்லாக் குரைப்பும் பயத்தால் வருவதில்லை. உடம்பைப் பார்த்தால் தெரியும். இரண்டடி முன்னே பாய்ந்து மூன்றடி பின்வாங்கி, எடையைப் பின்னங்காலில் வைத்துக்கொண்டு, காதை மடித்துக் குரைத்தால் அது பயம். உடம்பு முன்னே சாய்ந்து, வாய் இறுகி, வால் விறைத்து நின்றால் எல்லைக் காவல். கோம்பை, ராஜபாளையம் போன்ற காவல் இன நாய்களில் இது பிறப்பிலேயே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். உங்கள் முகத்தையும் கையில் இருக்கும் பிஸ்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக் குரைத்தால் அது வெறும் வசூல். முதல் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று. மூன்றாவதற்கு வேறு.

அதட்டல் ஏன் பலிப்பதில்லை? நாய் கத்திக்கொண்டிருக்கும்போது நாமும் கத்தினால், வீட்டு ஆட்களும் சேர்ந்து விரட்டுவது போலத்தான் அதற்குத் தோன்றும். அடி இன்னும் மோசம். கூரியர்காரர் வரும்போதெல்லாம் முதுகில் அடி விழுந்தால், "இந்த ஆள் வந்தாலே வலிக்கிறது" என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், அவர் மேல் உள்ள பகை கூடும். உறுமியதற்காக அடிப்பது இருப்பதிலேயே ஆபத்தானது. உறுமல் கடிக்கு முந்தைய எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கைதான் போகும், கடி அப்படியே இருக்கும். "நாங்கள் ஒன்றுமே பண்ணவில்லை, திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்கிற பல வீடுகளில், உறுமக்கூடாது என்று முன்பே கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடலாம். "நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்ற பேச்சுக்கு மூலம், ருடால்ஃப் ஷென்கெல் என்ற விலங்கியல் ஆய்வாளர் 1947இல் எழுதிய ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தவை கூண்டுக்குள் அடைபட்ட ஓநாய்கள். சண்டை போட்டு ஜெயித்த ஓநாயே கூட்டத்துக்குத் தலைவன் என்ற அந்தக் கதையைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், காட்டில் இருக்கும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று சொல்லித் தம் பழைய பேச்சைத் திருத்திக்கொண்டார். நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்குகிற பயிற்சியாளர்கள் சிலருக்கு அந்தத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் அந்த 1,460ஐ நிறுத்த வேண்டும். தினமும் ஜெயித்துக்கொண்டிருக்கிற நாய்க்குப் புதுப் பழக்கம் ஒட்டாது. கம்பி கேட்டாக இருந்தால், நாயின் கண்மட்டத்துக்கு மேல் வருகிற மாதிரி நான்கடி, ஐந்தடி உயரத்துக்குப் பச்சை வலைத்துணியையோ தகரத்தையோ அடித்துவிடுங்கள். சங்கிலியில் வாசலிலேயே கட்டிப்போட்டிருந்தால் இடத்தை மாற்றுங்கள். பாய்கிற ஒவ்வொரு தடவையும் சங்கிலி கழுத்தைச் சுண்டும், அந்த வலியும் வந்தவர் கணக்கிலேயே ஏறும். பயிற்சி முடிகிற வரை, நிஜமாக ஆள் வரும் நேரத்தில் நாயை உள்ளறையில் விட்டு, அன்றைய தீனியில் ஒரு பிடியைத் தரையில் இறைத்துவிட்டால் போதும். மோந்து பொறுக்குவதில் அது மும்முரமாகிவிடும்.

அடுத்தது தீனி. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நல்லது. உப்பு, மசாலா, முக்கியமாக வெங்காயம் எதுவும் கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்த நாய்க்குப் பனீர் போதும். துண்டு கொண்டைக்கடலையை விடப் பெரிதாக வேண்டாம். 100 கிராம் கறியில் எழுபது, எண்பது துண்டு தேறும், இரண்டு நாள் பயிற்சிக்கு அது காணும். தின்பண்டம் ஒரு நாளின் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அவ்வளவு கொடுத்தால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள்.

இனி மணி, அதாவது ஆள் வந்ததும் அடிக்கிற காலிங் பெல். நாயையும் மணியையும் சொன்னதும் நினைவுக்கு வருகிற ரஷ்யர் இவான் பாவ்லோவ், 1904இல் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆய்வுக்காக. தீனிக்கு முன்னால், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் என்ற கருவியின் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, பிறகு அந்த ஒலி மட்டுமே போதும், எச்சில் ஊறும் என்று அவருடைய ஆய்வகம் காட்டியது. "முன்னால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒலி முதலில், தீனி பிறகு. வரிசை திரும்பினால் அந்த ஒலி எதற்கும் முன்னறிவிப்பாக இருக்காது, நாயும் அதைச் சட்டை செய்யாது.

உங்கள் வீட்டுக் காலிங் பெல்லை செல்போனில் பதிவு செய்யுங்கள். நாயின் காது மட்டும் திரும்பி, உடம்பு அசையாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒலிக்கவிடுங்கள். ஒரு நொடி கழித்துக் கறித்துண்டு. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று இடைவெளியை மாற்றி மாற்றி ஐந்தாறு முறை. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு நாய்க்கு எதிலும் மனம் போகாது, காலையும் அந்தியும் சரி.

பத்து வீட்டில் எட்டு வீட்டில் சறுக்குவது கையில். போனைத் தட்டுவதற்கு முன்பே கை தீனிப்பைக்குள் போய்விடும், பிளாஸ்டிக் கவர் சரசரக்கும். நாய் அந்தச் சரசரப்பைத்தான் கற்றுக்கொள்ளும். பத்து நாள் கழித்து மணி அடித்தால் குரைக்கும், கவர் சத்தம் கேட்டால் ஓடிவரும். அதனால் தீனியைச் சத்தம் வராத துணிப்பையிலோ கிண்ணத்திலோ போட்டு அலமாரி மேல் வையுங்கள். மணி ஒலித்து முடிகிற வரை கை தொங்கிக்கொண்டே இருக்கட்டும்.

மணி கேட்டதும் நாய் கேட்டைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சத்தத்தை ஒரு படி கூட்டலாம். குரைத்துவிட்டால் அவசரப்பட்டது நீங்கள்தான், இரண்டு படி இறக்குங்கள். சில நாய்களுக்கு முழுச் சத்தம் வரை போக ஒரு வாரம், சிலவற்றுக்கு ஒன்றரை மாதம். தீனியையே வாங்க மறுப்பது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் "எனக்கு இது அதிகம்" என்பதன் அடையாளம்.

இதோடு கூடவே நாய்க்கு ஒரு வேலையும் கொடுக்க வேண்டும். "குரைக்காதே" என்பதை நாய்க்குக் கற்றுக்கொடுக்க முடியாது, அது ஒரு செயலே இல்லை. "போய்ச் சாக்கில் படு" என்பது செயல். கூடத்தின் மூலையில் ஒரு கோணிச்சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். கறித்துண்டை அதன் மேல் எறியுங்கள். நான்கு காலும் சாக்கில் ஏறிய அந்த நொடியில் "ஆ!" என்று சின்னதாக ஒரு சொல், உடனே இன்னொரு துண்டு. அந்தச் சொல் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும், வீட்டில் வேறு பேச்சில் வராததாக இருந்தால் இன்னும் நல்லது. தீனி வாய்க்குப் போய்ச் சேரும் முன் நாய் சாக்கை விட்டு இறங்கிவிட்டாலும், எந்தச் செயலுக்குக் கூலி என்று அந்தச் சொல் பிடித்துவைக்கும்.

பிறகு உட்காரும் வரை, படுக்கும் வரை என்று கூலியைத் தள்ளிப்போடுங்கள். நேரத்தை ஏணி மாதிரி ஏற்ற வேண்டாம். இரண்டு நொடி, ஐந்து, மூன்று, எட்டு, மறுபடி இரண்டு. தூரம், நேரம், தொந்தரவு மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவது முக்கியம். ஐந்து முயற்சியில் நாலோ ஐந்தோ சரியாக வந்தால் மேலே போகலாம், மூன்று வந்தால் அங்கேயே நில்லுங்கள், இரண்டு என்றால் கீழே இறங்குங்கள். கடைசியில் இரண்டையும் இணையுங்கள்: மணி, உடனே "சாக்கு" என்ற சொல், நாய் ஓடிப்போய்ப் படுத்ததும் தீனி. நாலைந்து நாளில் நீங்கள் வாய் திறக்கும் முன்பே அது ஓடும். மணியே கட்டளையாகிவிட்டது. இதற்கப்புறம் வீட்டு ஆள் ஒருவர் வெளியே போய் நிஜ மணியை அடிக்கலாம், பிறகு பக்கத்து வீட்டுக்காரர், கடைசியாகத்தான் கூரியர்காரர்.

வசூல் குரைப்புக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, கொடுக்காமல் இருந்தால் ஓயும். ஆனால் அணையப் போகிற விளக்கு மாதிரி, ஓய்வதற்கு முன் ஒரு தடவை உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாள் காது கிழியக் கத்தும். அந்த நேரம் பார்த்துத் தாத்தா, "பாவம், ஒரே ஒரு பிஸ்கட்" என்று போட்டுவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்ற பாடம் ஏறிவிடும். எப்போதாவது கிடைக்கிற பரிசு தினம் கிடைப்பதை விட வலுவாக ஒட்டும், லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் போல. மேலே தாவுகிற நாய்க்கும் இதே கணக்குதான். முதுகைத் திருப்பி நிற்க வேண்டும், நான்கு காலும் தரையில் பட்டதும் தடவிக்கொடுக்க வேண்டும். "பரவாயில்லைங்க, எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும்" என்று கொஞ்சுகிற விருந்தாளிதான் இதற்கு எமன்.

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி எதுவாகவும் இருக்கலாம். குரலே மாறி, எச்சில் ஒழுகி, விழுங்கத் திணறினால் வெறிநோய் என்று சந்தேகப்பட வேண்டும், கிட்டே போகக்கூடாது. கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

ஏழெட்டு வருடமாகக் கத்திப் பழகிய கிழட்டு நாய்க்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய மணியோசையில் ஆயிரக்கணக்கான வெற்றிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுரண்டி எடுப்பதை விட மணியையே மாற்றுவது சுலபம். வேறு ஓசை உள்ள ஒரு பெல்லை எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கி வாருங்கள். உடனே வாசலில் மாட்ட வேண்டாம். மூன்று வாரம் அது கூடத்து மேஜையிலேயே இருக்கட்டும், அது அடித்தால் கோழி, சாக்கு, கோழி. அப்புறம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். அவர் வருகிறபோது மட்டும் பழைய மணியை அடிக்க வேண்டாம், வாசலுக்கு வந்ததும் போன் பண்ணச் சொல்லிவிடுங்கள்.