அமெரிக்க ராணுவ அகாடமி: நாமினேஷன் யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

அமெரிக்காவில் வளரும் மகனோ மகளோ ஒரு நாள் "வெஸ்ட் பாயிண்ட்டுக்கு அப்ளை பண்ணப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அதுக்கு செனட்டர் சிபாரிசு வேணுமாமே, நமக்கு யாரைத் தெரியும்?" யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தொகுதியில், அந்த மாநிலத்தில் நிரந்தர முகவரி உள்ள, தகுதியுள்ள எந்த மாணவரும் தம் மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்தில் நாமினேஷன் கேட்டு, அதாவது அகாடமியில் சேரத் தம் பெயரை முன்மொழியும்படி கேட்டு, விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. படிவத்தை நிரப்பி, நேர்காணலுக்குப் போய், மற்ற மாணவர்களோடு போட்டியிட்டு வாங்குகிற ஒன்று இது. சிபாரிசுக் கடிதம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன என்பதால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதிகாரிகளை உருவாக்கும் இத்தகைய அகாடமிகள் அமெரிக்காவில் ஐந்து. நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட் பாயிண்ட்டில் தரைப்படை அகாடமி, மேரிலாண்டின் அனாபொலிஸில் கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் விமானப்படை அகாடமி, நியூயார்க்கின் கிங்ஸ் பாயிண்ட்டில் வணிகக் கப்பல் அகாடமி, கனெக்டிகட்டின் நியூ லண்டனில் கடலோரக் காவல்படை அகாடமி. கடைசியாகச் சொன்ன கடலோரக் காவல்படைக்கு மட்டும் நாமினேஷன் தேவையில்லை. சாதாரணக் கல்லூரி போல நேரடியாக விண்ணப்பிக்கலாம். மற்ற நான்குக்கும் நாமினேஷன் இல்லாமல் சேரவே முடியாது. 1976 முதல் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் பெண்களும் சேர்கிறார்கள். விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் அனாபொலிஸில் 1987இல் பட்டம் பெற்றவர்தான்.

இதில் குழப்பம் வருவது, வேலை இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் நடப்பதால். ஒரு தடம் அகாடமியோடு: அங்கே விண்ணப்பக் கோப்பு திறந்து, மதிப்பெண், உடற்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் முடிக்க வேண்டும். இன்னொரு தடம் மக்கள் பிரதிநிதிகளோடு: அவர்களுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டுரை, தனி நேர்காணல், தனிக் கடைசித் தேதி. ஒன்றில் கொடுத்த காகிதம் தானாக மற்றதுக்குப் போய்ச் சேராது. நாமினேஷன் கிடைத்தால் அகாடமியில் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை; இடம் தருவது, அதாவது அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, அகாடமிதான். அகாடமிக்கு உங்கள் பிள்ளையை எவ்வளவு பிடித்திருந்தாலும், நாமினேஷன் இல்லாவிட்டால் அவர்களால் இடம் தர முடியாது.

சரி, யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று பேர் உண்டு: மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். நான்காவதாக, நாட்டின் துணை அதிபரிடமும் எந்த மாநிலத்தவரும் கேட்கலாம். ஆனால் அதற்குப் போட்டி நாடு முழுவதும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வணிகக் கப்பல் அகாடமிக்குத் துணை அதிபர் நாமினேஷன் கிடையாது. அதிபரின் பெயரிலும் ஒரு பிரிவு இருக்கிறது: முழுநேரப் படைப்பணியில் தொடர்ந்து எட்டு ஆண்டுகளாவது இருப்பவர்கள், படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மூன்று படை அகாடமிகள் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 100 இடங்கள். அப்பாவோ அம்மாவோ படையில் இல்லாத குடும்பங்களுக்கு அது பொருந்தாது. பள்ளியில் ஜூனியர் ஆர்ஓடிசி என்ற மாணவர் படைப் பயிற்சிப் பிரிவு இருந்து, பிள்ளை அதில் முன்னணியில் இருந்தால் அந்த வழியும் உண்டு. பள்ளியின் பயிற்றுநரிடம் கேட்டால் சொல்வார்.

மூன்று அலுவலகங்களுக்கும் விண்ணப்பியுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் நான் பார்க்கிற பெரிய தவறு. சில மாநிலங்களில் செனட்டர்களும் உறுப்பினர்களும் தங்களுக்குள் பேசி, ஒரு மாணவருக்கு ஒருவரே நாமினேஷன் தரும்படி பங்கிட்டுக்கொள்கிறார்கள். யார் கையில் உங்கள் பெயர் விழும் என்பது முன்கூட்டித் தெரியாது. பள்ளிக்காக வேறு ஊரில் தங்கியிருந்தாலும், கணக்கில் வருவது பெற்றோரின் நிரந்தர முகவரி இருக்கும் தொகுதிதான்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பதற்றம் கொஞ்சம் குறையும். தொகுதிவாரியாக இடங்களைப் பகிரும் ஏற்பாடு 1843இல் சட்டமானது. இன்று மூன்று படை அகாடமிகளில் ஒவ்வொன்றிலும், ஒரு செனட்டர் அல்லது உறுப்பினரின் பெயரில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் படிக்கலாம். ஒருவர் பட்டம் பெற்று வெளியேறும்போது ஓர் இடம் காலியாகும். ஆகவே ஓர் ஆண்டில் ஓர் அகாடமிக்கு ஒருவரிடம் ஒன்றோ இரண்டோ காலியிடம்தான் இருக்கும். அந்த ஒவ்வொரு காலியிடத்துக்கும் பல பெயர்களை அனுப்பலாம். நெடுங்காலம் பத்துப் பெயர் வரை என்று இருந்தது, பிறகு 15 ஆக உயர்த்தப்பட்டது.

அனுப்பும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. பெரும்பாலான அலுவலகங்கள் பெயர்களை வரிசைப்படுத்தாமல் அனுப்பிவிடும். அவர்களில் சிறந்தவரை அகாடமி தேர்ந்தெடுக்கும். சிலர் ஒருவரை முதன்மை நாமினியாகக் குறிப்பார்கள். அவர் எல்லாத் தகுதியும் பெற்றுவிட்டால் இடம் அவருக்குத்தான், மற்றவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருந்தாலும். மீதியுள்ளவர்களுக்கும் அத்தோடு கதை முடிவதில்லை. தகுதி பெற்றும் தொகுதி இடம் கிடைக்காதவர்களை அகாடமி ஒரு தேசியப் பட்டியலில் வைத்துத் தகுதி வரிசைப்படி எடுக்கும். நல்ல போட்டியுள்ள தொகுதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் மிக முக்கியம். அதில் வரவும் ஏதாவது ஒரு நாமினேஷன் கையில் இருந்தாக வேண்டும்.

இனி நம் குடும்பங்களுக்கென்றே உள்ள சிக்கல்: குடியுரிமை. சேரும் நாளில் மாணவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில் இருப்பவரும் சேர முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு சிறு ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அது அந்தந்த நாட்டு அரசு தேர்ந்தெடுத்து அனுப்புவோருக்கு. 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெறும்போது, கிரீன் கார்டோடு அவருடைய சட்டபூர்வப் பொறுப்பில் அமெரிக்காவில் அவரோடு வசிக்கும் 18 வயது நிரம்பாத பிள்ளை தானாகவே குடியுரிமை பெறும். பெற்றோர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் பிள்ளைக்கு 18 முடிந்திருந்தால், பிள்ளை தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகையால் குடியுரிமைக்குத் தகுதி வந்தும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் பெற்றோர், பிள்ளைக்கு அகாடமி ஆசை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. தானாகக் கிடைத்த குடியுரிமைக்கு அத்தாட்சியாகப் பிள்ளையின் பெயரில் பாஸ்போர்ட்டும் உடனே வாங்கி வையுங்கள்.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் படையில் பணியில் இருப்பவர்களுக்கும் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்பது இந்திய அரசின் விதி. அகாடமியில் சேருமுன் இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

பெயரையும் பாருங்கள். அப்பா பெயர் சில இடங்களில் கடைசிப் பெயராக, சில இடங்களில் வெறும் இனிஷியலாக, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டலாக, பாஸ்போர்ட்டில் வேறாக இருப்பது நம் வீடுகளில் சகஜம். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு மதிப்பெண் ஒரு பெயரிலும் நாமினேஷன் படிவம் இன்னொரு பெயரிலும் இருந்தால் இரண்டும் ஒரே கோப்பில் வந்து சேராமல் போகும். 1839இல் ஓர் உறுப்பினர் நாமினேஷனில் தவறாக எழுதிய பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்ட கதையும் உண்டு. ஹைரம் யுலிஸிஸ் என்ற பையன் வெஸ்ட் பாயிண்ட் ஆவணத்தில் யுலிஸிஸ் எஸ். கிரான்ட் ஆனான். அதே பெயரில்தான் பின்னாளில் அதிபரும் ஆனார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் போடுங்கள்.

மற்ற அடிப்படைத் தகுதிகள் எளிது: சேரும் ஆண்டு ஜூலை 1 அன்று 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், தரைப்படை, கடற்படை, விமானப்படை அகாடமிகளுக்கு 23ஆவது பிறந்தநாள் தாண்டியிருக்கக் கூடாது, திருமணமாகியிருக்கக் கூடாது.

காலக்கணக்கு பதினொன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரியிலேயே அகாடமிகள் நடத்தும் ஒரு வாரக் கோடை முகாம்களுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டாயமில்லை, ஆனால் தனக்கு இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று பிள்ளை நேரில் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. அதே வசந்தத்தில் அகாடமியின் முதற்கட்டக் கேள்விப்படிவம் திறக்கும், பிரதிநிதிகளின் நாமினேஷன் படிவங்களும் வெளிவரத் தொடங்கும். அந்த அலுவலகங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் வரும். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு தேதி. அந்தந்த இணையதளத்தில் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். ஒரு நாள் தாமதமானால்கூடப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். நாமினேஷன் பெயர்கள் ஜனவரி 31க்குள் அகாடமிக்குப் போயாக வேண்டும்.

படிவத்தோடு கேட்பவை: பள்ளி மதிப்பெண் பட்டியல், எஸ்ஏடி அல்லது அதுபோன்ற ஏசிடி தேர்வின் மதிப்பெண், ஆசிரியர் அல்லது பயிற்சியாளரின் பரிந்துரைக் கடிதங்கள், ஏன் சேர விரும்புகிறேன் என்ற கட்டுரை, எந்த அகாடமி முதல் விருப்பம் என்ற வரிசை. பரிந்துரைக் கடிதம் எழுதுபவரிடம் கோடை விடுமுறைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். செப்டம்பரில் எல்லா மாணவர்களும் அவர்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

நேர்காணல் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் கொண்ட ஒரு குழுவின் முன் நடக்கும். பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. மூன்று நான்கு பேர் மேசைக்கு அந்தப் பக்கம், பிள்ளை மட்டும் இந்தப் பக்கம். "ஏன் இந்த அகாடமி, ஏன் சாதாரணக் கல்லூரி இல்லை?" என்று கேட்பார்கள். "இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்பதும் அடிக்கடி வரும். அதற்கு "அடுத்த ஆண்டும் முயல்வேன், அதுவரை கல்லூரியில் ஆர்ஓடிசி என்ற அதிகாரிப் பயிற்சியில் இருப்பேன்" என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளைக்கும் "ஏதாவது நல்ல காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பேன்" என்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும். படிப்புச் செலவு இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லவே கூடாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தேடுவது வீரர்களை வழிநடத்தப் போகும் அதிகாரியை.

அகாடமியின் தடத்தில் நம் பிள்ளைகள் சறுக்குவது படிப்பில் அல்ல. வெஸ்ட் பாயிண்ட் மாணவரை எடைபோடும் கணக்கில் படிப்புக்கு 60 சதவீதம், தலைமைப் பண்புக்கு 30, உடல்திறனுக்கு 10. ஆண்டுக்குச் சுமார் 1,200 பேரைத்தான் சேர்க்கிறார்கள் என்னும்போது, அந்த 40 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஜெயிப்பது கடினம். விளையாட்டு அணியின் கேப்டன், மாணவர் மன்றப் பொறுப்பு, சாரணர் இயக்கத்தில் உயர்நிலை, பகுதிநேர வேலையில் எடுத்த பொறுப்பு இவைதான் அங்கே பேசும். உடற்தகுதித் தேர்வில் முதல் சோதனையே பலரைத் திகைக்க வைக்கும்: இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, ஒரு கையால் தோளுக்கு மேலாகக் கூடைப்பந்தை எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு எறிய வேண்டும். நின்று எறிந்து பழகியவருக்கு இடுப்புக்குக் கீழே உதவியே இருக்காது. பந்து பாதி தூரத்தில் விழும். அப்புறம் புல்-அப், இரு கோடுகளுக்கு இடையே முன்னும் பின்னுமாக ஓடும் ஓட்டம், வயிற்றுத் தசைக்கான சோதனை, புஷ்-அப், கடைசியில் ஒரு மைல் ஓட்டம், எல்லாம் ஒரே அமர்வில். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரே நடத்தலாம். கோடையிலேயே முழு வரிசையையும் பழகிப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையைப் பாதுகாப்புத் துறையின் டாட்மெர்ப் என்ற தனி அமைப்பு பார்க்கிறது. 13 வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்ததாகக் குறிப்பு இருந்தால், கடுமையான உணவு ஒவ்வாமை இருந்தால், தகுதியில்லை என்று வரலாம். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மனம் உடைய வேண்டாம். விலக்கு கொடுக்கும் அதிகாரம் அகாடமிக்கு இருக்கிறது. கோப்பு போட்டிக்குத் தகுந்ததாக இருந்தால் அவர்களே அதைப் பரிசீலிப்பார்கள். பழைய மருத்துவக் குறிப்புகளை மறைப்பது மட்டும் கூடவே கூடாது. ஊரில் ஒரு மருத்துவர் எப்போதோ எழுதிக்கொடுத்த இன்ஹேலர் உட்பட எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, தேவைப்பட்டால் நிபுணரின் புதிய பரிசோதனை முடிவையும் கையில் வைத்திருங்கள்.

சிலருக்கு நாமினேஷனுக்கு முன்பே அகாடமியிலிருந்து உறுதிக் கடிதம் வரும். அது மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் நாமினேஷனும் மருத்துவத் தகுதியும் கிடைத்தால்தான் அது நிலைக்கும். கடிதம் வந்த பிறகு செனட்டர் நேர்காணலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடம் கிடைத்தால் மூன்று படை அகாடமிகளிலும் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அரசுச் செலவு. மாதம் ஒரு தொகையும் கிடைக்கும். பதிலுக்குப் பட்டம் பெற்றதும் குறைந்தது ஐந்து ஆண்டு முழுநேரப் பணி, ரிசர்வ் எனப்படும் துணைப்படைப் பணியையும் சேர்த்து மொத்தம் எட்டு ஆண்டுப் பொறுப்பு. விமானி ஆனால் இன்னும் கூடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் பொதுவாகப் படையில் பணியாற்றும் கட்டாயம் இல்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கால் வைத்தால் கட்டுப்பாடு தொடங்கிவிடும். தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் இதை ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. போர் வந்தால் போக வேண்டிய வேலை இது.

கிடைக்காவிட்டால்? வாய்ப்புள்ள சிலரை அகாடமியே தன் ஓராண்டு ஆயத்தப் பள்ளிக்கு அழைக்கும். அதற்கு நாமினேஷன் தேவையில்லை. வேறு கல்லூரியில் ஆர்ஓடிசி உதவித்தொகையோடு சேர்ந்தும் அதிகாரி ஆகலாம், அதற்கும் நாமினேஷன் வேண்டாம். அகாடமி விண்ணப்பம் போடும்போதே இதற்கும் போட்டுவிடுங்கள். கல்லூரி முதலாண்டில் இருந்துகொண்டே அகாடமிக்கு மறுபடி விண்ணப்பித்துச் சேர்பவர்களும் உண்டு. அப்படி முயலும்போது நாமினேஷனை மூன்று அலுவலகங்களிலும் புதிதாகக் கேட்க வேண்டும். போன ஆண்டு கிடைத்தது இந்த ஆண்டுக்குச் செல்லாது.