ஈசி 'க்ளீனா' இருந்தால் போதுமா?

"ஈசி க்ளீனா இருந்துச்சு சார். நானே போன்ல பார்த்தேன்."

போன வாரம் என் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து, ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றைப் பற்றி இப்படிச் சொன்னவர், போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடை, பி.எஃப். எல்லாவற்றையும் போட்டு ஐந்து சென்ட் மனை வாங்கியிருக்கிறார். கையில் கோர்ட் சம்மன். விற்றவரின் இரண்டு தங்கைகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். இவர் இரண்டாம் பிரதிவாதி. இந்த ஒரு வருடத்தில் இதே வாக்கியத்தை நான் கேட்பது ஐந்தாவது முறை. இனியும் எழுதாமல் இருந்தால் தப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசு வலைதளங்களைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுவிட்டு, சார்பதிவாளர் ஆபீசுக்கு நடையாய் நடப்போம். இன்று பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் ஈசியை இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் ஈசர்வீசஸ் தளத்தில் பட்டா, 'அ' பதிவேடு (எந்த நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று காட்டும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் கிடைக்கின்றன. நானே தினமும் பார்க்கிறேன். எத்தனையோ பேரை ஏமாறாமல் காப்பாற்றியிருக்கிற தளங்கள் இவை.

ஆனால் ஈசி என்றால் என்ன? நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு, நீங்கள் கொடுத்த தேதிகளுக்கு இடையில், பதிவான பத்திரங்களின் பட்டியல். அவ்வளவுதான். சொத்து யாருடையது என்று அது சொல்வதில்லை. 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால், அந்தக் காலத்தில் அந்த எண்ணில் எந்தப் பத்திரமும் பதிவில் காணப்படவில்லை என்று பொருள். விற்பவருக்கு விற்கிற உரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை. தயவுசெய்து இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிரைவர் ஐயா விஷயத்தில் நடந்தது இதுதான். விற்றவரின் அப்பா 1983-ல் கிரயம் வாங்கிய இடம். அவர் உயில் எழுதாமல் இறந்துபோனார், அம்மாவும் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளுக்கு அந்த நொடியே உரிமை வந்துவிடும். அதற்குப் பத்திரமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பத்திரமே இல்லாத ஒன்று ஈசியில் எப்படி வரும்? டிரைவர் ஐயா 1990-லிருந்து தேடியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. பட்டாவோ அண்ணன் பெயரில் மட்டும் இருந்தது. சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அப்பா பெயரில் இருந்த இடம் மகன் பெயருக்கு எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லை.

"அது பூர்வீகம் இல்லையே சார், அவங்க அப்பா சுயமா சம்பாதிச்சது. பொண்ணுங்களுக்கு எப்படிப் பங்கு வரும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியும் எனக்கு அலுத்துப்போன கேள்வி. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-ல். உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சுயார்ஜித சொத்தில் மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் அன்றிலிருந்தே உண்டு. 1989, 2005 திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. நகை போட்டது, சீர் செய்தது எதுவும் அந்தப் பங்கைக் குறைக்காது. ஆக, அண்ணன் விற்றது செல்லும். ஆனால் அவருடைய மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்.

பட்டாவும் உரிமை ஆவணம் இல்லை. நீதிமன்றங்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. "ரிஜிஸ்தர் ஆச்சே சார்" என்பார்கள். பதிவு செய்கிற அதிகாரிக்கு உரிமையை விசாரிக்கிற வேலை இல்லை என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, என்ன செய்வது?

ஈசியை முப்பது வருடத்துக்காவது போடுங்கள். மூலப்பத்திரம் அதற்கும் முந்தையது என்றால் அந்த வருடத்திலிருந்து போடுங்கள். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகாதீர்கள். இன்று 212/4பி2 என்று இருப்பது பழைய பத்திரத்தில் வெறும் 212/4 என்று இருக்கும். இரண்டிலும் தேடுங்கள். பல இடங்களில் சார்பதிவாளர் ஆபீஸ் எல்லை மாறியிருக்கிறது. பழைய ஆபீசின் பெயரிலும் தேடுங்கள். எங்கள் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது.

'அ' பதிவேட்டைத் திறந்து பாருங்கள். புறம்போக்கு என்றோ கோயில் பெயரோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயர், அவர் அப்பா பெயர் இரண்டையும் வருடம் வருடமாகத் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். "லாக்கர்ல இருக்கு, ரிஜிஸ்தர் அன்னிக்குத் தர்றேன்" என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அசல் வங்கியில் அடமானமாக இருக்கலாம். வங்கி அடமானங்களைப் பதிந்து வைக்கும் செர்சாய் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அதைத் தேடலாம். 2011-லிருந்து இருக்கிற வசதி. ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை.

உயிலைப் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் எந்தத் தளமும் அதைக் காட்டிக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. இங்கேதான் கால் தேய நடக்க வேண்டும். வாரிசுச் சான்று கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் உயிரோடு இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். தங்கையை வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தால் பஸ் ஏறிப் போங்கள். அவர் கையெழுத்துப் போடச் சம்மதிக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். பக்கத்து மனைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தக் குடும்பத்துச் சண்டை அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். டிரைவர் ஐயா என்னிடம் வந்தது பத்திரம் முடிந்து பதினாலு மாதம் கழித்து. அஸ்திவாரம் போட்டு, லிண்டல் வரை சுவரும் எழுப்பிவிட்டார். தங்கைகள் இருவரையும் சமாதானத்துக்கு அழைத்திருக்கிறேன்; வருகிற வெள்ளிக்கிழமை பேசப்போகிறோம்.