எடை குறையாதபோதும் கொழுப்புத் திசு மாறுகிறது

உடற்பயிற்சியைத் தொடங்கி சில மாதங்களிலேயே விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், அடிக்கடி வரும் பதில் ஒன்றுதான்: "எடை குறையவே இல்லை." அந்த ஏமாற்றம் புரிகிறது. ஆனால் எடைக்கருவிக்குத் தெரிந்தது உடலின் மொத்த எடை மட்டுமே. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு இதற்குள் எப்படி மாறியிருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. ஒரு கிலோகூடக் குறையாதவர்களின் கொழுப்புத் திசுவையும் உடற்பயிற்சி செப்பனிடுகிறது என்பதைச் சமீபத்திய ஆய்வுகள் தெளிவாகவே காட்டுகின்றன. எடையைப் பார்த்து மனம் சோர்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் திசு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். உடலில் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் அரை கிலோதான். அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2,000 கிலோ கலோரி. கொழுப்போ ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி தரும், சாதாரண உடல்வாகு உள்ளவரிடமே வழக்கமாக 10 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கொழுப்புச் செல்லிலும் ட்ரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பு ஒரே பெரிய துளியாகத் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ள, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. செல்களுக்கு இடையில் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நோய் எதிர்ப்புச் செல்களும் கொலாஜன் நார்களும் உண்டு. கொழுப்பை வெறும் சேமிப்பாகப் பார்த்த காலம் 1994-இல் மாறியது. அந்த ஆண்டு ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்தார்கள். உடலில் எவ்வளவு இருப்பு உள்ளது என்று மூளைக்குத் தெரிவிக்கும் ஹார்மோன் அது, கொழுப்புச் செல்லிலேயே உருவாகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிபோனெக்டினும் இங்கிருந்துதான் வருகிறது.

சரி, ஓடத் தொடங்கியதும் என்ன நடக்கிறது? ரத்தத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் ஏறுகின்றன, இன்சுலின் இறங்குகிறது. இன்சுலின் இருக்கும்வரை கொழுப்பு வெளியே வருவது தடுக்கப்பட்டிருக்கும், இப்போது அந்தத் தடை தளர்கிறது. அட்ரினலின் கொழுப்புச் செல்லின் மேற்பரப்பில் ஒட்டியதும் உள்ளே லிபேஸ் நொதிகள் விழித்துக்கொண்டு, ட்ரைகிளிசரைடை மூன்று கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு கிளிசராலாகவும் பிரிக்கின்றன. வேகமாகத் துடிக்கும் இதயத்தின் மேலறைகளும் ஒரு ஹார்மோனைச் சுரந்து இதே வேலையைத் தூண்டுகின்றன. மனிதர்களிடம் நன்றாகச் செயல்படும் இந்த வழி எலிகளிடம் மிகவும் பலவீனமானது. எலி ஆய்வுகளை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. கொழுப்பு அமிலங்கள் தண்ணீரில் கரையாது, அதனால் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் ஏறிக்கொண்டு தசைக்குப் போகின்றன. அங்கே செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன.

எரிந்த பிறகு அது எங்கே போகிறது? வியர்வையாக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறும், மீதி 1.6 கிலோ தண்ணீராகும். அதற்காக 29 கிலோ ஆக்சிஜனை உள்ளே இழுத்தாக வேண்டும். கொழுப்பு வெளியேறும் முக்கியமான வழி நுரையீரல்தான்.

எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. டென்னிஸ் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு கையால்தான் பந்தை அடிக்கிறார்கள். 1971-இல் வந்த ஓர் ஆய்வில் அவர்களுடைய இரண்டு கைகளிலும் தோலடிக் கொழுப்பின் தடிமனை அளந்தபோது வித்தியாசம் தென்படவில்லை. ஹார்மோன்கள் ரத்தம் வழியாக உடல் முழுக்கப் போகின்றன, கொழுப்பும் பல இடங்களிலிருந்து வருகிறது. வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அவ்வளவுதான்.

எடை குறையும்போது கொழுப்புச் செல்கள் மறைவதும் இல்லை, சுருங்குகின்றன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர், பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், கொழுப்புச் செல்களின் டிஎன்ஏவில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அவற்றின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் இறந்து புதியவை பிறக்கின்றன என்றும், வளர்ந்தவர்களிடம் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்றும் 2008-இல் வெளியிட்டார்கள். எடை பெருமளவு குறைந்தவர்களிடமும் அப்படித்தான்.

எண்ணிக்கை மாறாது என்றால், கவலைப்பட வேண்டியது அந்தச் செல்களின் நலனைப் பற்றித்தான். கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறக்கும் சிலர் இருக்கிறார்கள். லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற இந்த அரிய நோய் உள்ளவர்கள் பார்க்க மெலிந்திருப்பார்கள், ஆனால் கடுமையான நீரிழிவும் கல்லீரல் கொழுப்பும் அவர்களை வாட்டும். கிடங்கு இல்லாத ஊரில் மூட்டைகள் தெருவிலும் வீட்டு வாசலிலும் குவிவது மாதிரி, கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிந்துவிடுகிறது. கிடங்கு இருந்தும் பழுதாகிப் போனால் இதே கதைதான். அளவுக்கு மீறி வீங்கிய செல்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை, கொலாஜன் நார்கள் இறுகுகின்றன, மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்து அழற்சியை மூட்டுகின்றன. நோய்க்கான வழி இங்கேதான் திறக்கிறது.

உடற்பயிற்சியின் பெரிய பலனும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹோரோவிட்ஸ் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்களையே இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். 16 பேர் குறைந்தது 2 ஆண்டுகளாக விடாமல் உடற்பயிற்சி செய்தவர்கள், 16 பேர் செய்யாதவர்கள். எடை, கொழுப்பின் அளவு எல்லாம் இரு பக்கமும் பொருந்தும்படி தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. வயிற்றுத் தோலடிக் கொழுப்பை எடுத்து ஆராய்ந்தபோது, பயிற்சி செய்தவர்களின் திசுவில் ரத்தக் குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் நல்ல புரதங்களும் கூடுதலாக இருந்தன. இறுக்கமூட்டும் ஒருவகைக் கொலாஜன் குறைவு, அழற்சிச் செல்களும் குறைவு. கொழுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் திறன் அந்தத் திசுவுக்கு அதிகம். பின்னாளில் எடை கூடினாலும் கல்லீரலுக்குப் போய்ச் சேரும் கொழுப்பு குறையலாம் என்பது அவர்களின் கணிப்பு, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

குடல், கல்லீரலைச் சுற்றிய உள்ளுறுப்புக் கொழுப்பு இன்னும் வேகமாக வசப்படுகிறது. எடை பெரிதாக மாறாதபோதும் உடற்பயிற்சியால் அது குறைவதுண்டு. வேலை செய்யும் தசை ரத்தத்தில் கலக்கும் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞை இதற்கு வேண்டியிருக்கிறது. டென்மார்க்கில் வயிற்றுப் பருமன் உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்ய வைத்தபோது உள்ளுறுப்புக் கொழுப்பு குறைந்தது. இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம், அதே பயிற்சி செய்தும் அந்தக் குறைவு காணாமல் போயிற்று. தசையும் கொழுப்பும் இப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. உடற்பயிற்சி சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பை, எரிந்து வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பாக மாற்றும் என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எலிகளோடு நிற்கிறது. மனிதர்களிடம் அதற்கான சான்று பலவீனம்.

எப்படிப்பட்ட பயிற்சி? ஹோரோவிட்ஸ் குழுவின் முந்தைய ஆய்வில் ஒரு பிரிவினர் மிதமான வேகத்தில் 45 நிமிடமும், இன்னொரு பிரிவினர் ஒரு நிமிட வேகப் பயிற்சியை இடைவெளி விட்டுப் 10 முறையும் செய்தார்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். 12 வாரத்தில் இரு பிரிவிலும் கொழுப்புத் திசு ஏறக்குறைய ஒரே மாதிரி சீர்பட்டிருந்தது. இன்சுலின் செயல்பாடும் பயிற்சிக்கு மறுநாள் மேம்பட்டிருந்தது. ஆனால் பயிற்சியை நிறுத்தி நான்கு நாள் கழித்து அளந்தபோது, அது பழைய நிலைக்கே திரும்பியிருந்தது.