பிரஷர் குளிசை உடம்புக்குள் என்ன செய்கிறது?

அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசையைத் தொடங்கிச் சில கிழமைகளில் கணுக்கால் வீங்கினால், ‘மருந்து கிட்னியைப் பழுதாக்கிப் போட்டுது’ என்று பயந்து எங்கள் ஊரில் பலர் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியதை அடுத்த கிளினிக்கில் சொல்வதுமில்லை. இந்தப் பயம் போக வேண்டுமென்றால், வீக்கம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

நாடிச் சுவரில் உள்ள தசைக்குள் கல்சியம் நுழைந்தால் தசை இறுகும், குழாய் ஒடுங்கும். அந்த நுழைவாயிலை அம்லோடிபின் அடைக்கிறது. தசை தளர்ந்து, நாடி விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் இரத்தத்தைக் கொண்டுவரும் சிறு நாடிகள் விரியும் அளவுக்கு, திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள் விரிவதில்லை. வரத்து கூடுகிறது, போக்கு அப்படியே இருக்கிறது. இடையிலுள்ள மயிர்த்துளைக் குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிந்து, புவியீர்ப்பால் கணுக்காலில் தேங்குகிறது. அதனால்தான் 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் வீக்கம் அதிகம். உடம்பில் நீர் கூடி வந்த வீக்கம் அல்ல என்பதால், மூத்திரம் போக்கும் குளிசை இதற்குப் பெரிதாக உதவாது. நாளங்களையும் விரிக்கக்கூடிய வேறு பிரஷர் குளிசைகளான எனலாப்ரிலையோ லொசாட்டனையோ சேர்த்தால் வீக்கம் குறையும். கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எதுவென்று வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக்கு நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தத்தைக் குறைக்க மெஷினின் வேகத்தைக் குறைக்கலாம், குழாயை அகலமாக்கலாம், ஓடும் தண்ணீரைக் குறைக்கலாம். பிரஷர் மருந்துகளும் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில்தான் வேலை செய்கின்றன.

எனலாப்ரிலின் வரலாறு பிரேசிலில், ஒரு விரியன் பாம்பிலிருந்து தொடங்குகிறது. அதன் நஞ்சில் இருந்த பொருள்களை வைத்து, உடம்பில் அஞ்சியோடென்சின் 2 உருவாக உதவும் நொதியைத் தடுக்கலாம் என்று கண்டார்கள். அஞ்சியோடென்சின் 2 நாடிகளை இறுக்கும். உப்பைத் தேக்கவும் வைக்கும். அந்த வழியில் பிறந்த கப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில் அதன் தம்பி. இதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் சேர்ந்து தொண்டையை அரிக்கும். சளியே இல்லாத அந்த வறட்டு இருமலுக்குப் பாணி மருந்து எத்தனை போத்தல் குடித்தும் பயனில்லை. வைத்தியரிடம் சொன்னால் லொசாட்டனுக்கு மாற்றுவார். அது நொதியைத் தொடாமல், அஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைப்பதால் இருமல் அரிது. உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வகையும் ஆகாது. சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மூத்திரம் போக்கும் குளிசையான ஹைட்ரோகுளோரோதயசைட் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பொட்டாசியமும் கூடவே போகும், யூரிக் அமிலம் ஏறும். கவுட் உள்ளவர்களுக்கு மூட்டு நோகும். நல்லூர்த் திருவிழாவில் விரதமிருந்து, வெயிலில் வியர்த்து நிற்கும் வயதானவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. உடம்பில் நீர் ஏற்கனவே குறைந்திருக்க, குளிசையும் சேர்ந்தால் எழும்பும்போது கண் இருட்டி விழலாம். விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது. மறுபக்கம், கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் தாராளமாகச் சாப்பிட்டால், குளிசை வெளியேற்றிய உப்பு திரும்ப உள்ளே வந்துவிடும்.

அட்டெனொலோல் இதயத் துடிப்பைக் குறைக்கிறது. கை கால் குளிரும், களைக்கும். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதைச் சடுதியாக நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்திருந்த துடிப்பு பாய்ந்து எழும்பும். இதய நோயாளிக்கு மாரடைப்பே வரலாம்.

கடைசியாக, மூட்டு நோவுக்குப் பார்மசியில் வாங்கும் டைக்ளோபெனாக். அது உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும். எனலாப்ரிலும் மூத்திரக் குளிசையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால், சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டம் குறைந்து அது திடீரெனப் பழுதாகலாம். நோக் குளிசை வாங்கப் போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.