உதையாளர்கள் மறைக்கும் வலி

அமெரிக்க ஃபுட்பால் அணியிலேயே சுலபமான வேலை, பந்தை உதைக்க மட்டுமே களமிறங்கும் கிக்கருக்குத்தான் என்று எண்ணுபவர்கள் ஏராளம். யாரும் அவர் மீது ஓடிவந்து மோதுவதில்லை. ஒரு சீசன் முழுவதும் அவருடைய சட்டையில் மண் ஒட்டாமலும் போகலாம். டெக்சஸில் விளையாட்டுக் காயங்களுக்கான இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் தமிழ்ப் பெற்றோரும் இதைக் கேட்கிறார்கள். மகன் சிறு வயதிலிருந்தே சாக்கர் (நம் ஊர்க் கால்பந்து) ஆடுகிறான், பள்ளி ஃபுட்பால் அணிக்குக் கிக்கராக வரச் சொல்கிறார்கள், தலையில் அடிபடாத இடம்தானே, சேர்த்துவிடலாமா என்பது அவர்கள் கேள்வி. தலைக் காயத்தைப் பொறுத்தவரை அவர்கள் நினைப்பது பெருமளவு சரி. ஆனால் இந்தத் தொழிலில் காலை அரிப்பது மோதல் அன்று, யாரும் எண்ணி வைக்காத உதைகளும் யாரிடமும் சொல்லப்படாத வலியுமே என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த வலி ஏன் சொல்லப்படுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த வேலையின் நிலையைப் பார்க்க வேண்டும்.

என்.எஃப்.எல். தொழில்முறை லீகில் 32 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியின் 53 பேர் கொண்ட பட்டியலிலும் தரையில் நிறுத்திய பந்தை உதைக்கும் பிளேஸ்கிக்கர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். எனவே நாடு முழுவதற்கும் இந்த வேலையில் ஏறத்தாழ 32 இடங்களே உண்டு. அவற்றைக் குறிவைத்துக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் புதியவர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். பிற ஆட்டக்காரர்களுக்குப் பொதுவாக ஓய்வு நாளான செவ்வாய்க்கிழமைகளில் அணிகள் வெளியாட்களை அழைத்துச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஞாயிறன்று இரண்டு உதைகளைத் தவறவிட்டவர், செவ்வாயன்று தம்முடைய மைதானத்திலேயே வேறு மூவர் உதைத்துக் காட்டுவதைக் காண நேரிடும்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டேனியல் கார்ல்சன் என்ற கிக்கரை மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி 2018இல் ஐந்தாம் சுற்றில் எடுத்தது. சீசனின் இரண்டாவது ஆட்டத்தில், கிரீன் பே நகரில், அவர் மூன்று ஃபீல்டு கோல்களை, அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி எடுக்கும் வாய்ப்புகளை, தவறவிட்டார். ஆட்டம் 29-29 என்று சமனில் முடிந்தது. மறுநாளே அணி அவரை விடுவித்துவிட்டது. அதே ஆண்டில் அவரைச் சேர்த்துக்கொண்ட ரெய்டர்ஸ் அணியில் அவர் லீகின் நம்பகமான கிக்கர்களுள் ஒருவராக உயர்ந்தார். ராபர்ட்டோ அகுவாயோவுக்கு அப்படி அமையவில்லை. கல்லூரி ஆட்டத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த அவரை 2016இல் இரண்டாம் சுற்றிலேயே எடுத்த டாம்பா பே அணி, அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிட்டது. திறமை உள்ளவர்களுக்கே இதுதான் நிலை என்றால், தொடையில் வலி இருக்கிறது என்று ஓர் இளைஞர் தம் பயிற்சியாளரிடம் எப்படி வாய் திறப்பார்?

வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் கூடியிருக்கிறது. விளையாட்டுச் சூதாட்டத்தை அனுமதிப்பது குறித்து மாநிலங்களே முடிவெடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த பின்னர், கைப்பேசியிலேயே பந்தயம் கட்டுவது பல மாநிலங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டது. பணம் இழந்தவர்களின் வசைமொழி கிக்கரின் சமூக ஊடகக் கணக்கில் நேராக வந்து விழுகிறது. குடும்பத்தினரையும் சேர்த்துத் திட்டும் அந்தச் செய்திகளைச் சகித்துக்கொள்வதும் தொழிலின் ஒரு பகுதி என்று சொல்பவர்களை நான் கடுமையாக மறுக்கிறேன்.

இனி உதைக்கு வருவோம். ஸ்னாப்பர் தம் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னோக்கி எறிவதிலிருந்து கிக்கரின் கால் அதைத் தொடும் வரை ஆகும் நேரம் ஏறத்தாழ 1.3 நொடி. ஏழெட்டு யார்டு பின்னால் மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அந்தப் பந்தைப் பிடித்து, அதன் தையல் கோல் கம்பங்களை நோக்கி இருக்குமாறு திருப்பி நிறுத்தி முடிப்பதற்குள், கிக்கர் பக்கவாட்டிலிருந்து அடியெடுத்து வைத்து வந்துவிடுகிறார். இந்தப் பக்கவாட்டு முறையைத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர், ஹங்கேரியில் பிறந்து 1964இல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்த பீட் கோகோலாக். அதற்கு முன்பெல்லாம் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால் உதைப்பார்கள். பக்கவாட்டில் வந்து புறங்காலால் உதைக்கும்போது தூரமும் துல்லியமும் கூடின. கூடவே இடுப்பு மூட்டின் மீதும் தொடையின் உட்புறத் தசைகள் மீதும் விழும் சுமையும் கூடியது.

ஒரு முழு வேக உதையில் கால் பின்னோக்கி வீசப்படும் கணத்தில் இடுப்பு பின்பக்கமாக விரிந்திருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும். தொடையின் முன்புறத்தில் இடுப்பெலும்பிலிருந்து முழங்கால் சில்லு வரை ஓடும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்னும் தசை, இரண்டு மூட்டுகளையும் கடந்து செல்வதால், அப்போது இரு முனைகளிலும் இழுபட்டு நிற்கிறது. அந்த நிலையிலேயே அது முழு வலிமையோடு சுருங்கிக் காலை முன்னே இழுக்க வேண்டும். ஊன்றிய காலின் முழங்காலோ, உடல் எடையையும் ஓடிவந்த வேகத்தையும் தாங்கியபடி முறுக்குக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் இப்படிப் பத்து முறை நிகழ்ந்தால் அதிகம். வாரம் முழுவதும் பயிற்சியில் எத்தனை முறை நிகழ்கிறது என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. பேஸ்பாலில் ஒரு சிறுவன் எத்தனை பந்து வீசினான் என்று எண்ணுவதற்கு விதி இருக்கிறது. உதைக்கு அப்படி ஏதுமில்லை.

என் சிகிச்சை அறைக்கு வரும் கிக்கர்கள் வலி என்ற சொல்லைக் கூடியவரை தவிர்ப்பார்கள். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்பார்கள். கட்டிலின் விளிம்பில் மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் காலைத் தொங்கவிடச் சொல்வேன். ஊன்றும் காலின் தொடை கட்டிலின் மட்டத்துக்குத் தளர்ந்து இறங்கும். உதைக்கும் காலின் தொடையோ உயர்ந்தே நிற்கும், அதை மெதுவாக அழுத்தும்போது முகம் சுருங்கும். இடுப்பெலும்பின் முன்புறம், தசை தொடங்கும் அந்தச் சிறு மேட்டில் கட்டைவிரலை வைத்தால், இறுக்கம் என்று சொன்னவரின் கை தானாக வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை நாளாக என்ற கேள்விக்கு, முதலில் வருகிற விடையை நான் எழுதிக்கொள்வதில்லை; சிறிது பேசிய பிறகு வரும் விடை வாரங்களிலிருந்து மாதங்களாக மாறியிருக்கும்.

வலியுள்ள கால் தன்னையறியாமல் தன்னைக் காத்துக்கொள்ளும். பின்வீச்சு சற்றுக் குறுகும், இடுப்பு உரிய நேரத்துக்கு முன்பே திரும்பும், ஊன்றும் பாதம் பந்துக்கு ஓரிரு அங்குலம் தள்ளி இறங்கும். கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலம் 18 அடி 6 அங்குலம். 50 யார்டு தூரத்திலிருந்து நேர் நடுவைக் குறிவைத்து உதைக்கும்போது, பந்து மூன்றரை டிகிரி அளவுக்கு விலகினாலே அது வெளியே போய்விடும். அத்தனை சிறிய பிழைக்குப் பெரிய காயம் தேவையில்லை. ஆனால் தவறவிட்டவுடன் வர்ணனையாளர்களும் ரசிகர்களும் மனம் உடைந்துவிட்டது, பதற்றம் வந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். பதற்றமே காரணமாக இருக்கும் நேரங்களும் உண்டு. என்றாலும், நன்றாக உதைத்துவந்த ஒருவர் திடீரெனத் தடுமாறும்போது மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடுப்பையும் முழங்காலையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆடம் வினாட்டியேரியின் கடைசி சீசனை இதற்காகவே நான் பலரிடம் எடுத்துச் சொல்கிறேன். எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாமல், ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறு லீகில் ஆடிவிட்டு, 1996இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கு வந்தவர் அவர். 2002 ஜனவரியில் கொட்டும் பனியில் 45 யார்டிலிருந்து உதைத்து ஓக்லாண்டு அணியுடனான ஆட்டத்தைச் சமன் செய்ததும், அடுத்த மாதமே லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் கடைசி நொடியில் 48 யார்டிலிருந்து அடித்து வென்றதும் இன்றும் பேசப்படுபவை. மொத்தம் 599 ஃபீல்டு கோல்கள், 2,673 புள்ளிகள், நான்கு சூப்பர் பௌல் வெற்றிகள். அப்படிப்பட்டவர் 2019இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்காக 25 முயற்சிகளில் 17ஐ மட்டுமே கோலாக்கினார். கூடுதல் புள்ளி உதைகளிலும் ஆறு தவறின. 46 வயதாகிவிட்டது, நேரத்தோடு விலகியிருக்கலாம் என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. சீசனின் இறுதிப் பகுதியில், ஊன்றி நிற்கும் இடது முழங்காலின் காயத்துக்காக அவர் காயமடைந்தோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அதன் பின்னர் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் மீண்டும் களமிறங்கவில்லை. அத்தனை புகழும் அனுபவமும் உள்ள ஒருவருக்கே முழங்காலின் கதை இவ்வளவு தாமதமாக வெளியே வந்தது.

பதின்வயதினரிடம் இந்த மௌனம் இன்னும் ஆபத்தானது. நான் மேலே சொன்ன இடுப்பெலும்பு மேடு, வளரும் வயதில் வளர்ச்சிக் குருத்தெலும்பால்தான் மற்ற எலும்போடு ஒட்டியிருக்கிறது. அது முழுமையாக எலும்பாகி இறுகப் பதினாறு முதல் பதினெட்டு வயது ஆகும். தசை வளர்ந்து வலுப்பெற்று, பற்றுமிடம் இன்னும் இறுகாத 14 முதல் 17 வயது வரையிலான பையன்களில், ஒரு வலிய உதையின்போது தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டே பெயர்ந்து வரக்கூடும். டப்பென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று பையன்கள் சொல்வார்கள். அதன் பிறகு காலைத் தூக்கி காரில் ஏறவும் முடியாது. பெரும்பாலும் அறுவை இல்லாமல், ஊன்றுகோலும் ஓய்வும் படிப்படியான பயிற்சியும் கொண்டே குணமாகும். அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணிச் சுளுக்கெடுத்து, களிம்பு தடவி, மறுவாரமே உதைக்க வைத்தால், அந்த இடத்தில் எலும்பு தாறுமாறாக வளர்ந்து பின்னாளில் இடுப்பு மடங்கும்போதெல்லாம் இடிக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. மாத்திரையால் வலியை அமுக்கிக்கொண்டு உதைக்க அனுமதிக்கவே கூடாது.

நம் பிள்ளைகளில் பலர் இலையுதிர் காலத்தில் பள்ளி ஃபுட்பாலில் உதைத்துக்கொண்டே, கிளப் சாக்கரிலும் அதே காலால் ஆடுகிறார்கள். இரண்டு பயிற்சியாளர்களுக்கும் தங்கள் பங்கு மட்டுமே தெரியும். ஆகவே எண்ணிக்கையை வீட்டில்தான் எழுதி வைக்க வேண்டும். முழு வேக உதைகள் ஒரு நாளில் முப்பதைத் தாண்டாமலும், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொள்ளுமாறு நான் சொல்வேன். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்குவதற்காக உதைப்பவையும் அந்தக் கணக்கில் சேரும். மற்ற நாள்களில் பந்தில்லாமல் அடியெடுப்பையும் ஊன்றுதலையும் பழகலாம்; அது காலைத் தேய்க்காது.

பதினான்கு வயதிலேயே ஓடிப் பிடிக்காவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற அச்சம் பெற்றோருக்கு வேண்டியதில்லை. டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பிராண்டன் ஆப்ரி, நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் சாக்கர் ஆடி, 2017இல் டொராண்டோ எஃப்.சி. என்ற தொழில்முறை சாக்கர் அணியால் முதல் சுற்றில் எடுக்கப்பட்டு, அந்த வழி அடைபட்டதும் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்தவர். வேலையோடு உதைக்கவும் பயின்று, சிறிய ஃபுட்பால் லீக் ஒன்றின் பர்மிங்காம் ஸ்டாலியன்ஸ் அணிக்காக இரண்டு சீசன் ஆடி, 2023இல் தம் 28ஆம் வயதில் என்.எஃப்.எல்.லுக்கு வந்தார், முதல் 35 ஃபீல்டு கோல்களையும் தவறாமல் அடித்தார். அவரைப் போல் எல்லோரும் ஆக முடியாதுதான். ஆனால் முழுதாய் வளர்ந்த எலும்போடும் கையில் ஒரு தொழிலோடும் தொடங்குவதால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

உங்கள் மகன் கிக்கராக இருந்தால், ஆட்டம் முடிந்து வரும்போது எத்தனை அடித்தாய் என்பதோடு கால் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். படி ஏறும்போது, கால் மேல் கால் போடும்போது, சாக்ஸ் மாட்டும்போது ஒரு பக்கத்தைக் காத்துக்கொள்கிறானா என்று கவனியுங்கள். இங்குள்ள பெரிய உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர் ஒருவர் இருப்பார்; அவரைப் பார்க்கத் தனிக் கட்டணமோ மருத்துவரின் பரிந்துரையோ பொதுவாகத் தேவைப்படாது. ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தொடை, இடுப்பு, தொடையிடுக்கு வலி எதுவாக இருந்தாலும் முதலில் அவரிடம் அனுப்புங்கள். அவர் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த வெள்ளிக்கிழமை எவ்வளவு முக்கியமான ஆட்டமாக இருந்தாலும், அந்தச் சீட்டைப் பயிற்சியாளரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பொறுப்பைப் பையனின் தலையில் வைக்காதீர்கள்.