மனநலச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் மறுப்பு: கலிஃபோர்னியா சட்டம் உங்கள் பாலிசிக்குப் பொருந்துமா?

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் இருவரிடம் ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அட்டை இருக்கலாம். இருவர் பிள்ளைகளுக்கும் மனச்சோர்வுக்கான சிகிச்சை மறுக்கப்படலாம். ஒருவர் மாநில அரசிடம் முறையிட்டு அந்த முடிவை மாற்றிவிட முடியும். மற்றவரின் மனுவையோ, தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அதே அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். சிகிச்சைக்கான பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியே பிரீமியம் வாங்கிக்கொண்டு செலவை ஏற்றால் அது ‘ஃபுல்லி இன்ஷூர்ட்’. மாநிலச் சட்டம் இதற்கு மட்டும்தான். வேலை தரும் நிறுவனமே செலவை ஏற்று, க்ளெய்ம் பார்க்கும் வேலையை மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் விட்டிருந்தால் அது ‘செல்ஃப் ஃபண்டட்’. 1974-இன் எரிசா என்ற மத்தியச் சட்டப்படி மாநிலச் சட்டங்கள் இதைத் தொட முடியாது. கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களைத் தாண்டியும் போகவிடுபவை பி.பி.ஓ. பிளான்கள்; பெரிய டெக் நிறுவனங்களில் இவை பெரும்பாலும் இந்த வகைதான். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதில்தான் இருக்கின்றன. அதே நிறுவனம் தரும், ஒப்பந்த டாக்டர்களிடம் மட்டுமே போகவிடும் எச்.எம்.ஓ. பிளான் ஃபுல்லி இன்ஷூர்டாக இருக்கலாம். அதனால் ஆண்டுதோறும் பிளானைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட்டின்போது பிரீமியத்தையும், பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டவேண்டிய டிடக்டிபிளையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது. எச்.ஆரிடம் “இது செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா?” என்று மெயிலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வேறு மாநிலத்தில் குடியிருப்பவர்கள், பாலிசி எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

கலிஃபோர்னியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது கடுமையான மனநோய்களுக்கும், குழந்தைகளின் தீவிர மனநலக் கோளாறுகளுக்கும் மட்டுமே உடல்நோய்களுக்குச் சமமான உரிமை தந்தது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்.பி. 855 என்ற மாநிலச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் உள்ள எல்லாக் கோளாறுகளுக்கும், போதைப்பழக்கத்துக்கும் தேவையான சிகிச்சையைத் தந்தாகவேண்டும். “நெருக்கடி தணிந்துவிட்டது, இனி தேவையில்லை” என்று நிறுத்துவதும் செல்லாது. குறுகிய காலச் சிகிச்சை மட்டும்தான் என்று வரம்பு கட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. சிகிச்சை தேவையா என்பதை கம்பெனியின் சொந்த அளவுகோலால் முடிவு செய்யக்கூடாது. லாபநோக்கற்ற மருத்துவச் சங்கங்களின் அளவுகோல்களையே பயன்படுத்தவேண்டும். பெரியவர்களின் மனநோய்க்கு அது லோகஸ் என்ற அளவுகோல்.

டாக்டரின் கடிதம் தோற்பது இந்த இடத்தில்தான். நோயின் பெயரும் “சிகிச்சை தொடர்வது அவசியம்” என்ற ஒரு வரியும் இருந்தால் மறுப்பதற்கு வசதியாகிவிடும். லோகஸ் பார்ப்பது ஆறு விஷயங்களை: தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் அபாயம், அன்றாட வேலைகளைச் செய்யும் திறன், கூடவே உள்ள மற்ற நோய்கள், வீட்டுச் சூழலின் நெருக்கடியும் ஆதரவும், இதுவரை பெற்ற சிகிச்சையின் பலன், சிகிச்சையில் நோயாளி காட்டும் ஈடுபாடு. கடிதம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டும். எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எந்த மருந்து எவ்வளவு காலம் எடுத்தும் பலிக்கவில்லை என்பதுபோல எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

மறுப்புக் கடிதமே வராமல், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமலே சிகிச்சை நின்றுபோவதும் உண்டு. பிளானோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் நெட்வொர்க் பட்டியலில் டாக்டரின் பெயர் இருக்கும். கூப்பிட்டால் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்பார்கள். அவசரமில்லாத நிலையில் தெரபிஸ்ட்டை 10 வேலை நாட்களுக்குள், சைக்கியாட்ரிஸ்ட்டை 15 வேலை நாட்களுக்குள் பார்க்க ஏற்பாடு செய்வது பிளானின் கடமை. முன்பு முதல் சந்திப்பை மட்டும் சீக்கிரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு வாரக்கணக்கில் காக்கவைத்தார்கள். 2022 ஜூலை முதல், எஸ்.பி. 221-இன்படி, தெரபிஸ்ட்டுடனான அடுத்த சந்திப்புக்கும் அதே 10 வேலை நாள் பொருந்தும்.

யாரைக் கூப்பிட்டீர்கள், எந்தத் தேதி, என்ன பதில் என்று குறித்து பிளானுக்கு அனுப்பி, நீங்களே ஏற்பாடு செய்யுங்கள் என்று கேளுங்கள். அவர்களால் முடியாவிட்டால் நெட்வொர்க்குக்கு வெளியே அனுப்பி, நெட்வொர்க்குக்குள் நீங்கள் கட்டும் பங்கை (கோ-பே) மட்டுமே உங்களிடம் வாங்கவேண்டும். கேட்காமல் நீங்களாகவே வெளியே போய்விட்டுப் பிறகு பில் அனுப்பினால் கணக்கு மாறிவிடும். உதாரணமாக, தெரபிஸ்ட் 250 டாலர் வாங்குகிறார். கம்பெனி, தான் ஏற்கும் அதிகபட்சத் தொகையான ‘அலவ்டு அமவுண்ட்’டை 120 என்று வைத்து அதில் 60 சதவீதம் தருகிறது. உங்கள் கைக்கு வருவது 72 டாலர், அதுவும் டிடக்டிபிள் முடிந்திருந்தால்.

மறுப்பு எழுத்தில் வந்தால் 180 நாட்களுக்குள் பிளானிடமே முதலில் புகார் கொடுங்கள். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அதன்பின் மாநிலத்தின் சுயேச்சை மருத்துவ மறுஆய்வுக்கு, அதாவது ஐ.எம்.ஆருக்கு, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது, வரும் முடிவு பிளானைக் கட்டுப்படுத்தும். எச்.எம்.ஓ.க்களும் சில பி.பி.ஓ.க்களும் டி.எம்.எச்.சி. என்ற மாநிலத் துறையின்கீழ் வரும், மற்றவை மாநில இன்ஷூரன்ஸ் துறையின்கீழ்.

செல்ஃப் ஃபண்டட் பிளானில் இருப்பவர்களுக்கு 2008-இன் மத்தியச் சட்டம் இருக்கிறது. மனநலச் சிகிச்சை தந்தே ஆகவேண்டும் என்று அது சொல்வதில்லை. தந்தால் உடல்நோய்க்கு வைக்காத தடைகளை இதற்கு வைக்காதே என்கிறது. முன் அனுமதி கேட்டு இழுத்தடித்தால், இரண்டு வகைச் சிகிச்சைக்கும் ஒரே விதியா என்று காட்டும் ஒப்பீட்டு ஆய்வறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அதைத் தயாரித்து வைத்திருப்பது 2021 முதல் கட்டாயம். 2024-இல் வந்த கூடுதல் விதிகளை அமல்படுத்துவதை மத்திய அரசு 2025 மே மாதம் நிறுத்திவைத்தது. ஆனால் ஆய்வறிக்கையைத் தயாரிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. அப்பீலுக்கு 180 நாள். மருத்துவத் தேவை இல்லை என்று அதுவும் தோற்றால், பிளானைச் சாராதவர்கள் செய்யும் வெளி மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க நான்கு மாதம். உதவிக்கு மத்தியத் தொழிலாளர் துறையின் 1-866-444-3272.

நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே “இனி பணம் தரமாட்டோம்” என்று வந்தால் 30 நாள் காத்திருக்காதீர்கள். அவசர அப்பீல் என்று எழுதி, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரின் ஒரு வரியைச் சேருங்கள். 72 மணி நேரத்துக்குள் பதில் தரவேண்டும். டி.எம்.எச்.சி.யின் கீழுள்ள பிளான் என்றால் அதே நாளில் 1-888-466-2219-ஐயும் கூப்பிடலாம்.