சுரக்க வைப்பதும் கொல்வதும் ஒரே கால்சியம்

ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்வது சுரப்பின் வழியாகத்தான். அதன் முனையில், சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள்களை நிரப்பிக்கொண்டு சவ்வை ஒட்டிக் காத்திருக்கின்றன. மின்துடிப்பு வந்து கால்சியம் உள்ளே பாய்ந்ததும், ஒரு மில்லி விநாடிக்குள் பை சவ்வோடு கலந்து உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடுகிறது.

அந்தக் கால்சியத்தை உணர்வது எது என்ற கேள்விக்கு விடை கண்டவர் தாமஸ் சுதோஃப். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாணவராக அட்ரினல் சுரப்பிச் செல்களை ஆராய்ந்த அவர், பிறகு அமெரிக்காவின் டல்லஸுக்குச் சென்று கொலஸ்ட்ரால் ஆய்வில் ஈடுபட்டார். 1986இல் தனி ஆய்வகம் கிடைத்த பிறகே நரம்பு முனைக்குத் திரும்பினார். சினாப்டோடாக்மின் என்ற புரதமே கால்சியத்தை உணர்கிறது என்பதற்கு, அப்புரதம் இல்லாத எலிகளைக் கொண்டு 1994இல் அவரது குழு வலுவான சான்று தந்தது: அவற்றின் நரம்புச் செல்களில் விரைவுச் சுரப்பு மட்டும் மறைந்திருந்தது, மெதுவான கசிவு அப்படியே இருந்தது. இந்தப் பணிக்காக 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பக்கவாதத்தில் இதே பொறிமுறைதான் தடம் புரள்கிறது. இரத்தம் தடைபட்டதும் செல்லின் ஆற்றல் தீர்ந்து, குளூட்டமேட் கட்டுப்பாடின்றி வெளியேறுகிறது. அதை மீட்டெடுக்க வேண்டிய கடத்திப் புரதங்களே தலைகீழாக இயங்கி மேலும் கொட்டுகின்றன. டென்னிஸ் சோய், ஸ்டான்ஃபோர்டில், எலி மூளைச் செல்களைத் தட்டில் வளர்த்து ஐந்தே நிமிடம் குளூட்டமேட்டில் வைத்தார். மறுநாளுக்குள் பெரும்பாலானவை மடிந்தன. 1987இல் அவர் காட்டியது எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட: கரைசலிலிருந்து சோடியத்தை நீக்கினால் உடனடி வீக்கம் நின்றது, ஆனால் செல்கள் பிறகு இறந்தன, கால்சியத்தை நீக்கினால் வீங்கிய செல்களில் பல பிழைத்தன.

இதை நம்பி, குளூட்டமேட்டைப் பிடித்துக் கால்சியத்தை உள்ளே விடும் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் பல நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுத் தோற்றன. ஆரோக்கியமான மூளைக்கும் குளூட்டமேட் தேவை. மேலும், நோயாளி மருத்துவமனையை அடைவதற்குள் செல்கள் மடியத் தொடங்கிவிடுகின்றன. டொரண்டோ நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் மைக்கேல் டிமியான்ஸ்கி வேறு வழி தேடினார்: ஏற்பியைத் தொடாமல், அதற்குப் பின்னாலுள்ள நச்சுச் சங்கிலியை மட்டும் துண்டிக்கும் நெரினெடைட் என்ற சிறு பெப்டைட் (புரதத் துணுக்கு). 2020இல் வெளியான சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் என்ற மருந்தைப் பெறாத பிரிவினரிடம் மட்டும் நல்ல அறிகுறி இருந்தது. அல்டிப்ளேஸ் தூண்டும் நொதி இந்தப் பெப்டைடையும் வெட்டிவிடுவதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அல்டிப்ளேஸ் பெறாதவர்களிடம் பின்னர் நடத்திய சோதனையும் பலனை உறுதிப்படுத்தவில்லை.